அபராதம் ரூ. 2,000

விபச்சாரத் தடுப்புச் சட்டம் 1956-இல் வந்தது. விபச்சார விடுதி நடத்தி முதல்முறை மாட்டுகிறவருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கடுங்காவல், கூடவே 2,000 ரூபாய் வரை அபராதம் என்று 3-ஆம் பிரிவில் எழுதினார்கள். அந்த வருடம் 10 கிராம் தங்கம் சுமார் 90 ரூபாய். 2,000 ரூபாய் கட்டுகிறவன் ஏறக்குறைய 28 பவுனை எடுத்து வைக்கிறான் என்று அர்த்தம். ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் அளவுக்கான நகை அது. நல்ல உறைப்பான தண்டனைதான். சட்டம் 1978-இல் திருத்தப்பட்டது. 1986-இல் மறுபடி திருத்தி, பெயரையும் மாற்றினார்கள். தொகையை மட்டும் யாரும் தொடவில்லை. இன்றைக்கு 2,000 ரூபாயோடு நகைக்கடைக்குப் போனால் கால் கிராம்கூடக் கிடைக்காது.

திருப்பூர்க் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் பத்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 2,000. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாடு தனிச்சட்டமே போட்டும் பத்து வட்டி போய்விடவில்லை. வட்டிக்காரருக்கு ஒரு ஏழை வீட்டில் ஒரே மாதத்தில் வருகிற பணம், விடுதி நடத்துகிறவருக்குச் சட்டம் விதிக்கக்கூடிய உச்சபட்ச அபராதம். இரண்டாம் முறை பிடிபட்டால் சிறை இரண்டு முதல் ஐந்தாண்டு வரை ஏறும். அபராதம் அப்போதும் அதே 2,000-க்குள்தான்.

இந்தச் சட்டப் புத்தகத்தைக் கடைக் கணக்கு நோட்டைப் படிப்பதுபோல், எண்களை மட்டும் விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனால் 17-ஆம் பிரிவில் நின்றுவிட வேண்டியிருக்கிறது. ரெய்டில் மீட்கப்படும் பெண்ணைப் பற்றிய பிரிவு அது. அவள் மேல் குற்றச்சாட்டு கிடையாது. ஆவணங்களில் அவள் பாதிக்கப்பட்டவள். மாஜிஸ்திரேட் விசாரணை முடிகிறவரை, மூன்று வாரத்துக்கு மிகாமல், அவளைக் காவலில் வைக்கலாம். விசாரிக்க ஐந்து கண்ணியமானவர்களை, முடிந்தால் அவர்களில் மூவர் பெண்களாக, துணைக்கு அழைக்கலாம். அதன்பின் பாதுகாப்பு தேவை என்று தோன்றினால் இல்லத்துக்கு அனுப்பலாம். எவ்வளவு காலம்? ஓராண்டுக்குக் குறையாமல், மூன்றாண்டுக்கு மிகாமல். விடுதி நடத்தியவருக்கும் முதல் தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல், மூன்றாண்டுக்கு மிகாமல்தான். வைத்து நடத்தியவருக்கும் அங்கிருந்து மீட்கப்பட்டவளுக்கும் ஒரே எண்ணை எழுதி வைத்திருக்கிறது சட்டம். முன்னது தண்டனை, பின்னது பாதுகாப்பு. பெண்கள் இரண்டாவதை 'ஹோம்' என்பார்கள். பூட்டு வெளிப்பக்கம் இருக்கும்.

குற்றவாளி என்றே தீர்ப்பானால் கணக்கு இன்னும் விசித்திரம். பொது இடத்துக்கு அருகே தொழில் செய்ததாக 7-ஆம் பிரிவில் உச்சபட்சத் தண்டனை மூன்று மாதம். ஆனால் குற்றவாளி பெண்ணாக இருந்தால், சிறைக்குப் பதிலாகத் திருத்த இல்லத்துக்கு அனுப்ப 10ஏ பிரிவு வழி தருகிறது. அங்கே குறைந்தது இரண்டாண்டு, அதிகம் ஐந்தாண்டு. மூன்று மாதத்துக்குப் பதில் இரண்டாண்டு என்றால் எட்டு மடங்கு, ஐந்தாண்டு என்றால் இருபது மடங்கு. ஆணுக்கு இந்தத் 'திருத்தம்' இல்லை. சாடை காட்டி அழைத்ததற்கான 8-ஆம் பிரிவிலும் அப்படியே: பெண்ணுக்கு முதல்முறை ஆறு மாதம் வரை, ஆணுக்கு ஏழு நாளில் தொடங்கி மூன்று மாதத்துக்குள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பாலியல் தொழில் இந்தியாவில் குற்றமல்ல என்றும் சொல்ல வேண்டும். வயது வந்த ஒருத்தி தனியாக, தன் விருப்பத்தில் செய்தால் அதற்குத் தண்டனைப் பிரிவு இல்லை. எங்கே செய்வாள் என்பதுதான் கேள்வி. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, நர்சிங் ஹோம் எதிலிருந்தும் 200 மீட்டருக்குள் கூடாது. 200 மீட்டர் ஆரம் போட்டு வட்டம் வரைந்தால் பரப்பு 1,25,600 சதுர மீட்டர், அதாவது 31 ஏக்கர். ஒன்றன்மேல் ஒன்று விழாமல் எட்டு வட்டம் வரைந்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சமமான இடம் தீர்ந்தது. 60 வார்டு கொண்ட திருப்பூர் மாநகராட்சியில் காலேஜ் ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ எந்தப் பக்கம் நடந்தாலும், சந்து முனைக்கு ஒரு பிள்ளையார், அதைத் தாண்டி ஒரு நர்சரி பள்ளி, எதிரில் இருபது படுக்கை ஆஸ்பத்திரி. சட்டம் குற்றமல்ல என்று சொன்ன செயலுக்கு ஊருக்குள் கால் வைக்க இடம் மிஞ்சாது.

சரி, 200 மீட்டரைத் தாண்டி ஒரு லைன் வீடு கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து அறை, தகரமோ சிமென்ட் அட்டையோ மேலே, வரிசைக் கடைசியில் பொதுக் கக்கூஸ். வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள இன்னொருத்தி சேர்ந்தால் அந்த நொடியே அது விபச்சார விடுதி. இரண்டு பேர் தங்கள் இருவரின் ஆதாயத்துக்காக ஓர் அறையைப் பயன்படுத்தினாலே விடுதி என்கிறது 2-ஆம் பிரிவு. தரகர் வேண்டாம், முதலாளி வேண்டாம், இருவரும் ஒருவருக்கொருவர் காவலாக இருப்பதே குற்றம். நியூசிலாந்து 2003-இல் 60-க்கு 59 என்ற ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேற்றிய சட்டத்தில் நான்கு பெண்கள் வரை உரிமச் சான்று இல்லாமலே சேர்ந்து தொழில் செய்யலாம். ஸ்வீடன் 1999 முதல் எதிர்த்திசையில் போகிறது; அங்கே விற்பவள் குற்றவாளியல்ல, வாங்குகிறவன் குற்றவாளி. இரண்டையும் ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு நாடுகளும் ஒரு முடிவுக்கு வந்தன. நம்முடையது விற்பவளை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டே அவளைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் பூட்டுகிறது. 4-ஆம் பிரிவின்படி, 18 வயது தாண்டிய எவரும் தெரிந்தே அந்த வருமானத்தில் வாழ்ந்தால் இரண்டாண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனுக்குப் பதினெட்டு முடிந்தால், அம்மா கட்டும் ஃபீஸே அவனை அந்தப் பிரிவுக்குள் இழுத்துவிடலாம்.

பணம் எங்கே இறுக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2022-23-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 34,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதைத் தைக்கிறவர்களின் கணக்கு வாரத்துக்கு வாரம், சனிக்கிழமை சாயங்காலம் முடிகிறது. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்; தொகைகளை அவரவர் மாற்றிக்கொள்ளலாம். ஷிப்டுக்கு 500 ரூபாய், வாரம் ஆறு ஷிப்டு, ஆக 3,000. வாடகைக்கு வாரப் பங்கு 1,000, குழுக் கடன் தவணை 700. மிச்சம் 1,300-இல் அரிசி, கேஸ், பஸ், மாத்திரை. ஆர்டர் சுருங்கி மூன்று ஷிப்டுதான் என்றால் வரவு 1,500, செலவு அரிசிக்கு முன்பே 1,700. 2020 மார்ச் ஊரடங்கில் ஷிப்டு பூஜ்யமானது. 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எத்தனையோ கம்பெனிகளில் ஷிப்டு குறைந்தது. இந்தப் பற்றாக்குறையைக் காட்டி, அதனால்தான் பெண்கள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள் என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். கம்மலை அடகு வைத்து, ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்து, ஊரிலிருந்து அரிசி வரவழைத்துச் சமாளிப்பவர்கள்தான் ஏறக்குறைய எல்லோரும். கணக்கு காட்டுவது வேறு: 200 ரூபாய் துண்டு விழும் வீட்டின் வாசலில் தரகர், வட்டிக்காரர், நுண்கடன் ஆள் மூவரும் ஒரே நாளில் நிற்க முடிகிறது.

சமூகம் தன் பங்குக்குப் போடும் அபராதம் எந்தப் பிரிவிலும் இல்லை. கம்பெனிக்குப் போகிற, தனியாக இருக்கிற பெண் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, "வீட்டுக்காரரு எங்கீங்க வேலை?" ஆள் இல்லை என்றால் அட்வான்ஸ் ஏறும், அல்லது வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது. ராத்திரி ஷிப்டு என்றால் பார்வையே மாறும். இரவு ஏழிலிருந்து காலை ஆறு வரை பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்ற விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது. தெருவின் விதி அப்படியே நிற்கிறது.

மதங்களின் ஏட்டில் எண்கள் வேறு மாதிரி. 1,330 குறளில் 'வரைவின் மகளிர்' அதிகாரத்துக்கு 10. மத்தேயு சொல்லும் இயேசுவின் வம்சவரிசையில் மரியாளுக்கு முன் வரும் பெண்கள் நான்கே பேர். அவர்களில் ஒருத்தி எரிகோவின் ராகாப். திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம், அடிமைப் பெண்களைப் பணத்துக்காக இத்தொழிலில் தள்ளாதீர்கள் என்று எஜமானர்களைப் பார்த்துச் சொல்கிறது. திருப்பூருக்குப் பக்கத்திலேயே அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையை மீட்கச் சுந்தரர் பதிகம் பாடிய தலம். அந்தச் சுந்தரர் மணந்த பரவையார் திருவாரூரின் கணிகையர் குலத்தவர் என்று பெரியபுராணமே சொல்கிறது. அவரைக் கும்பிடுவதில் ஊரில் யாருக்கும் தயக்கமில்லை.

ராஜராஜனின் தஞ்சைக் கோயில் சுவரில் 1014-ஆம் ஆண்டு வெட்டிய கல்வெட்டு ஒன்று சுத்தமான பேரேடு. வெவ்வேறு தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள். ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். மொத்தம் 40,000 கலம். அவர்கள் விலைமகளிர் அல்லர். கலையும் சேவையும் அவர்கள் தொழில். பின்னாளில் மானியம் சுருங்கி, மிராசும் மைனரும் புகுந்து, அந்த மரபு எங்கே வந்து நின்றது என்பது தெரிந்த கதை. 1927-இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்; மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடையிலும் 1936-இல் நாவலிலும் போராடினார்; தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. தீர்மானத்திலிருந்து சட்டம் வர இருபது வருடம்.

கல்வெட்டில் பெயரும் கதவும் இருந்தன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் முந்தைய மதிப்பீடு ஒன்றில் நாட்டில் 8.68 லட்சம் பெண் பாலியல் தொழிலாளர்கள். இவர்களுக்கு அடையாளச் சான்று கேட்காமல் ரேஷன் கொடுங்கள் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 1999-இல் கொல்கத்தாவில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கிலிருந்து கிளைத்த அதே வழக்கில், 2022 மே 19-இல் நீதிபதி நாகேஸ்வர ராவ் அமர்வு இன்னும் விரிவாக உத்தரவிட்டது: முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அதிகாரியின் சான்றை வைத்து ஆதார், விருப்பத்துக்கு மாறாக இல்லங்களில் அடைபட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிப்பது. 17-ஆம் பிரிவின் அந்த ஓராண்டு-மூன்றாண்டு வரியின் மேல் வைத்த கை இது. வரி இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

இல்லங்களுக்கும் நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், விஜிலன்ஸ் ஹோமில் அடைபட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ரயிலில் வேலூருக்கு எடுத்துப்போனார். ஆறு மாதிரிகளில் எச்ஐவி. இந்தியாவில் அதுதான் முதல் பதிவு. முப்பது வருடம் கழித்து, 2017-இன் தேசியக் கண்காணிப்பில் பெண் பாலியல் தொழிலாளர்களிடம் தொற்று 1.56 சதவீதம், லாரி ஓட்டுநர்களிடம் 0.86, குடும்பத்தை விட்டுத் தனியே பிழைக்க வந்த ஆண்களிடம் 0.51, பொதுவான வயது வந்தோரிடம் 0.22. ரயில் ரயிலாக வடக்கிலிருந்து இளைஞர்கள் வந்து இறங்கும் திருப்பூரில் மூன்றாவது எண்ணைத்தான் அடிக்கோடிட வேண்டும்.

இந்த எண்களைக் குறைக்கச் சுகாதாரத் துறை ஆணுறையை இலவசமாகத் தருகிறது. எத்தனை பெட்டி, எந்த மாதம், எந்தத் தொண்டு நிறுவனம் வழியாக என்று பதிவேடு இருக்கிறது. அதே ஆணுறை ரெய்டுக்குப் போகும் போலீசுக்குத் தடயம். மகஜரில் எண்ணிக்கையோடு ஏறிவிடும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது என்ற பரிந்துரையும் 2022 உத்தரவோடு சேர்ந்தே வந்தது. அதுவரை அரசு தன் ஒரு துறையில் வழங்கியதாக எழுதியதை இன்னொரு துறையில் கைப்பற்றியதாக எழுதிக்கொண்டிருந்தது.