மிதிக்கும்போது துடிக்கும் பிறேக்

ஒன்ராறியோவில் குடியேறிய எமது குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாக வாங்கப்பெறும் பெரும்பொருள் பழைய கார் ஒன்றேயாகும். இரவு வேலை முடிந்து, பஸ் ஓடாத வேளையில் வீடு திரும்புவோருக்கு அது இன்றியமையாதது. அக்காரின் பிறேக் மிதியை அழுத்தும்போது அது காலின் கீழ் மேலும் கீழுமாகத் துடிக்குமாயின், 'பழைய கார் அப்படித்தான்' என்று விட்டுவிடுவோர் உளர். அச்சமுற்றுக் கராஜுக்கு ஓடிக் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வருவோரும் உளர். முதலாமவர் உயிரோடு விளையாடுகின்றனர். இரண்டாமவர் பணத்தை இழக்கின்றனர்.

உறைபனியிலோ ஈர வீதியிலோ சடுதியாக மிதிக்கும்போது மிதி விரைவாக அதிர்ந்து 'கரகர' என ஒலிப்பது பழுதன்று. சில்லு வழுக்காதபடி ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு தன் கடமையைச் செய்கிறது. அப்போது காலை எடுக்காது தொடர்ந்து அழுத்த வேண்டும். ஆனால் உலர்ந்த வீதியில், மெதுவாக மிதித்தும், கார் நிற்பதற்குச் சற்று முன்னர் மட்டும் இவ்வதிர்வு தோன்றுமாயின், சில்லின் வேகத்தை அறியும் உணரியோ அதன் பல்வளையமோ துருப்பிடித்திருக்கலாம். அது வேறு பழுது.

நாம் இங்கு பேசுவது, சாதாரணமாக மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சில்லின் சுழற்சியோடு ஒத்துவரும் துடிப்பைப் பற்றியது. 60 கிலோமீற்றர் வேகத்தில் கார்ச் சில்லு நொடிக்கு ஏறக்குறைய 8 அல்லது 9 முறை சுழல்கிறது. வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவாகுமாயின் குற்றம் பெரும்பாலும் பிறேக் தட்டில்தான். தட்டின் ஓரிடம் தடித்தும் மற்றோரிடம் மெலிந்தும் இருப்பின், தடித்த இடம் வரும்போதெல்லாம் பாட்டுகள் பின்தள்ளப்படுகின்றன. அவை கலிப்பரின் பிஸ்ரனைத் தள்ள, பிறேக் எண்ணெய் வழியாக அவ்வசைவு எமது காலை வந்தடைகிறது. நூறில் இரண்டு மில்லிமீற்றர் வேறுபாடே இதற்குப் போதும். தலைமயிரின் தடிப்பு அதைவிட அதிகம்.

'தட்டு சூட்டில் வளைந்துவிட்டது' என்று கராஜ்களில் கூறுவது வழக்கம். உண்மையில் தட்டு வளைவது அரிது. தட்டுக்கும் ஹப்புக்கும் இடையே சேரும் துருவும், சில்லு நட்டுகளைச் சமமின்றி இறுக்குவதுமே பெரும்பாலும் காரணம். தட்டு மிகச் சிறிதளவு சாய்ந்து பொருந்துகிறது. சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் ஒரு பக்கம் தேய்ந்து துடிப்புத் தொடங்குகிறது. பனிக்கால ரயர் மாற்றும்போது காற்றுத் துப்பாக்கியால் அள்ளி இறுக்கிவிடும் இடங்களில் இவ்வினை தொடங்கி, மாதங்கள் கழித்தே வெளிப்படுவதால் எவரும் அதனைத் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. வீதியில் கொட்டப்படும் உப்பு துருவை வளர்க்கிறது. கலிப்பர் வழுக்கூசிகள் இறுகிப்போவதும் தட்டைச் சமமின்றித் தேய்க்கும்.

முன்சில்லா பின்சில்லா என அறிவது கடினமன்று. மிதியோடு ஸ்ரியரிங்கும் நடுங்கினால் முன்பக்கம் என்று கொள்ளலாம். ஆளில்லாத நேர்வீதியில் மிக மெதுவாக ஓட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கைபிறேக் நெம்பை மென்மையாக இழுக்கும்போது துடிப்புத் தோன்றினால் பெரும்பாலும் பின்பக்கம். மின்விசையால் இயங்கும் கைபிறேக்கில் இதனைச் செய்யலாகாது. பிறேக்கைத் தொடாமலே கார் நடுங்குமாயின் ரயரையோ சில்லுச் சமநிலையையோ பார்க்க வேண்டும். மிதி தாழ்ந்து போனாலும், கார் ஒருபுறம் இழுத்தாலும், இரும்பு உராயும் ஒலி கேட்டாலும் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

பழுது நீக்கத் தெரிந்தவர் சமதரையில் காரை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே கைவைத்தல் கூடாது. கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுக. குழாயில் தொங்கவிட்டால் குழாய் பழுதாகும். தட்டின் மிகக்குறைந்த தடிப்பு அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழ் தேய்ந்திருந்தால் ஒரே அச்சின் இரு தட்டுகளையும் பாட்டுகளோடு சேர்த்து மாற்ற வேண்டும். புதிய தட்டைப் பூட்டுமுன் ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் முற்றாக அகற்றுதலே இவ்வேலையின் உயிர்நாடி. இதைத் தவிர்த்தவருக்குப் புதிய தட்டும் சில மாதங்களில் துடிக்கும். தட்டின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்து, நட்டுகளைக் குறுக்காக மாறி மாறி, கைநூலில் உள்ள அளவுக்கு இறுக்குக. ஓட்டுமுன் மிதியைப் பலமுறை அழுத்தி அது உறுதியாகும்வரை காரை நகர்த்தவே கூடாது.

கராஜில் கொடுப்பவர் தட்டின் தடிப்பை அளந்து காட்டும்படி கேட்க வேண்டும். கலிப்பரையும் மாற்ற வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். துடிப்புக்கு மட்டும் அது அரிதாகவே தேவைப்படும். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எழுத்தில் தந்த மதிப்பீட்டை விடப் பத்து வீதத்துக்கு மேல் அறவிடலாகாது என்றும், கழற்றிய உதிரிப்பாகங்களைத் திருப்பித் தர முன்வர வேண்டும் என்றும், வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு என்றும் விதித்தது. மொழி தடுமாறுவோர் மதிப்பீட்டைத் தாளில் எழுதித் தரும்படி கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

புதிய தட்டுகளோடு, 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 15 வரை ஏறத்தாழ பத்து முறை, நிறுத்தாமல், நிதானமாக வேகத்தைக் குறைத்து, பின்னர் சற்றுத் தூரம் பிறேக்கின்றி ஓடி ஆறவிடுக. கடுமையாக மிதித்த சூட்டோடு மிதியை அழுத்தியபடி நிற்பது பாட்டின் படிவை ஓரிடத்தில் ஒட்டவைக்கும். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் பாருங்கள்; ரயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவ்வாறே.