கப்பல் பயணம் – 14: மாமல்லபுரத்துக்கு ஒரு பகல்

கப்பலில் ஏறும் நாளின் சோதனைகளும் உயிர்காப்பு ஒத்திகையும் சென்ற இதழில் முடிந்துவிட்டன. தொடர்ந்து படிப்போருக்கு அவை நினைவிருக்கும். இவ்வாரம் கடல்நோயும் அறைத் தேர்வும் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், சென்னைத் துறைமுகத்தில் ஒரே ஒரு பகல் நிற்கும் சொகுசுக் கப்பலிலிருந்து இறங்கி மாமல்லபுரம் பார்த்துத் திரும்புவது எப்படி என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. பயணிகள் பணத்தையும் மன அமைதியையும் பெரும்பாலும் இழப்பது இத்தகைய கரைநாள்களில்தான்.

பல்லவர் காலத் துறைமுகம் என்று பெயர்பெற்ற மாமல்லபுரத்தில் இன்று பயணிக் கப்பல் அணையும் துறை எதுவும் இல்லை. கடற்கரைக் கோயிலைக் காண விரும்பும் கப்பல் பயணி, அதற்குச் சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே சென்னையில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பேருந்திலோ வாடகைக் காரிலோ தெற்கே வரவேண்டியிருக்கிறது. இந்நிலைக்குக் கரையின் இயல்பே முதற்காரணம். சோழமண்டலக் கரையின் இப்பகுதி, கப்பல் ஒதுங்குவதற்கேற்ற ஆழமான வளைவு ஏதுமின்றி ஏறத்தாழ நேராக நீளும் மணற்கரை. தென்மேற்குப் பருவ மாதங்களில் சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அந்த ஓட்டம் தெற்கே திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போகும் மணலே மிகுதி. கடலுக்குள் கல்லைக் கொட்டி எந்தச் சுவரை எழுப்பினாலும் அதன் தென்புறம் மணல் சேர்ந்து மேடாவதும் வடபுறம் கரை அரிக்கப்படுவதும் இதனால்தான். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் அதன் தெற்கே மெரினா அகன்று விரிந்ததும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள்.

அத்துறைமுகத்துக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு அடிக்கல் நாட்டினார்; கட்டிமுடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்தது; பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. அதற்கு முன்பு சென்னைக்கு வந்த பயணி எவ்வாறு கரையேறினார் என்பதே இவ்வாரத் தேடலில் மிகுந்த வியப்பளித்த செய்தி, ஆகவே அதற்குச் சற்று இடம் ஒதுக்கவேண்டும். கப்பல் கரையிலிருந்து தொலைவில் ஆழ்நீரில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் அதற்கும் இடையே அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வரிசைகளில் உடைந்து விழும். ஐரோப்பியக் கப்பல்கள் சுமந்துவந்த ஆணி அடித்த படகுகள் அந்த அலைகளில் மோதிப் பிளந்துபோகும் என்பதால், அவற்றை நம்பி எவரும் கரைக்கு வருவதில்லை. வந்தவர்கள் அனைவரும் மசூலா படகையே நம்பினர்.

மசூலா என்பது தைத்த படகு. பலகைகளின் ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, இரு பலகைகள் சேரும் இடத்தில் நாரையோ வைக்கோலையோ திணித்து, அதன்மேல் தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைத்திருப்பர். உள்ளே விலாச்சட்டங்கள் கிடையா. ஓர் இரும்பாணியும் கிடையாது. அடிப்பகுதி தட்டையாகவும் பக்கங்கள் உயரமாகவும் இருக்கும். மணலில் மோதும்போது விறைத்து நிற்கும் படகு உடையும், இதுவோ வளைந்து கொடுத்து மீளும். தையலிடையே கசியும் நீரை ஒருவர் இறைத்துக்கொண்டே இருந்தால் போதும். பத்துப் பேரளவில் துடுப்பு வலிக்க, பின்புறம் நின்று நீண்ட துடுப்பால் திசை திருப்புபவர் அலைகளைக் கண்காணித்து, ஒரு பேரலை கடந்துசென்ற கணத்தில் குரல் கொடுப்பார். அடுத்த அலை உடைவதற்குள், முந்தைய அலையின் முதுகைப் பற்றிக்கொண்டதுபோல் படகு விரையும். கூடவே கட்டுமரத்தில் வரும் மீனவர்கள், கவிழ்ந்தால் பயணியைத் தூக்கிக் காப்பதற்கென்றே உடன்வந்தனர். கரை தட்டியதும் பயணியைத் தோளிலோ நாற்காலியிலோ சுமந்து உலர்ந்த மணலில் இறக்கிவிடுவர். அலை மிஞ்சிய நாள்களில் படகுகள் செல்லக்கூடாது என்பதைக் கரையில் கொடியேற்றி அறிவிக்கும் ஏற்பாடும் இருந்தது. கணித நூலோ பொறியியல் வரைபடமோ இன்றி, இக்கரையின் அலைக்கென்றே இக்கரை மீனவர்கள் உருவாக்கிய இத்தொழில்நுட்பத்துக்குச் சென்னையின் வரலாற்றில் இன்னும் உரிய இடம் தரப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது. மாமல்லபுரத்தை அடுத்த குப்பங்களில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகிவிட்டன. தைத்த படகைத் தைக்கத் தெரிந்த கைகள் அரிதாகிவிட்டன.

இச்செய்தி வெறும் பழங்கதை அன்று. கப்பல் அணைய ஆழமில்லாத இடங்களில், அதை வெளிக்கடலில் நிறுத்திவிட்டுப் பயணிகளைச் சிறு படகில் கரைசேர்ப்பது இன்றும் நடைமுறை. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா என்ற பயணிக் கப்பல், சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் வழியில் நாகப்பட்டினத்தில் நின்றபோது, தஞ்சைச் சீமைப் பயணிகள் படகில் சென்றே அதில் ஏறினர். லட்சத்தீவுக்குச் செல்லும் இன்றைய சொகுசுக் கப்பல்களின் பயணிகளும் படகில்தான் தீவுக்குச் செல்கின்றனர். படகும் கப்பலும் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும் அந்த இடைவெளியில் கால் வைப்பதுதான் முழு ஆபத்தும். கைகள் இரண்டும் வெறுமையாக இருக்கவேண்டும், பை முதுகில் இருக்கவேண்டும், செருப்புக்குப் பின்வார் இருக்கவேண்டும். மாலுமியின் உள்ளங்கையைப் பற்றாமல் முன்கையைப் பற்றவேண்டும், ஏனெனில் வியர்த்த கை நழுவும், முன்கை நழுவாது. படகு உயர்ந்து ஒரு கணம் நிலைக்கும்போது, மாலுமி சொன்ன பிறகே, தயங்காமல் ஒரே அடியாக வைக்கவேண்டும். முதியோர் இதில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை. அலை மிகுந்திருந்தால் கப்பலிலேயே தங்கிவிடுவதும் தகுந்த முடிவே.

சென்னையில் கப்பல் மேடையோடு அணைவதால் இத்தொல்லை இல்லை. அங்கே தொல்லை கடிகாரத்தால் வருகிறது. கப்பல் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. அதற்குக் கப்பல் நேரம் என்று பெயர். அதை மாற்றும் உரிமை கப்பல் தலைவருக்கே உண்டு. கொழும்பிலிருந்து வரும் கப்பலில் சிக்கல் எழாது, இலங்கையும் இந்தியாவும் இப்போது ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. ஆனால் மாலத்தீவு இந்தியாவுக்கு அரை மணி நேரம் பின்தங்கியது. தாய்லாந்தின் புக்கெட் ஒன்றரை மணி நேரமும் சிங்கப்பூர் இரண்டரை மணி நேரமும் முந்தியவை. பயணியின் கைப்பேசி கரையிலுள்ள கோபுரத்தைப் பிடித்ததும் தானாகவே இந்திய நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ மாறாமல் இருக்கக்கூடும். மாலை 5 மணிக்கு ஏறவேண்டும் என்ற அறிவிப்பு எந்த 5 மணி என்று இறங்கும் வாயிலில் நிற்கும் பணியாளரிடம் கேட்டுக்கொண்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்திருப்பதே பழகிய பயணிகளின் வழக்கம்.

அடுத்தது சாலை. அக்கரை, உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம் என்று நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலை காலையில் எளிதாகத் தெரியும். மாலையில், அதிலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில், அவ்வெளிமையை நம்பக்கூடாது. நகருக்குள் நுழைந்த பின்னும் துறைமுகத்தை ஒட்டிய சாலைகளில் சரக்குப்பெட்டி லாரிகள் வரிசைகட்டி நிற்கும். வாயிலில் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. ஆகவே ஏறவேண்டிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக மாமல்லபுரத்தை விட்டுக் கிளம்பவேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவின் பேருந்து தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும் அல்லது மாற்று ஏற்பாடு செய்யும். தனியாகக் கார் பிடித்துச் சென்றவருக்காகக் காத்திருக்காது, அவர் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் சென்று சேரவேண்டும். தனிக் கார் மலிவு என்பது உண்மை. அந்த மலிவில் இந்த ஆபத்தும் அடங்கியிருக்கிறது.

காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம் என்று சொல்லும் முகவரை ஏற்கவேண்டாம். சென்னையிலிருந்து காஞ்சி, அங்கிருந்து வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், பிறகு சென்னை என்று சுற்றினால் 200 கிலோமீட்டர் ஆகிவிடும். காஞ்சிக் கோயில்களின் நடையும் நண்பகலில் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்வதே நலம். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு ஒன்றே கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் செல்லும். முதலில் தென்கோடியிலுள்ள ஐந்து ரதங்களைப் பார்த்துவிட்டு, அர்ச்சுனன் தபசுப் பாறை, மண்டபங்கள் என்று வடக்கே வந்து கடற்கரைக் கோயிலில் முடித்தால் பாறை சுடுவதற்குள் திறந்தவெளிப் பகுதி முடிந்துவிடும்.

கடலில் இறங்குவதை மட்டும் தவிர்க்கவேண்டும். இங்கு அலை கரைக்கு மிக அருகில் உடைகிறது. உடைந்து ஏறிய நீர் திரும்பும்போது ஓரிடத்தில் குவிந்து கடலை நோக்கி இழுக்கும். கடற்கரைக் கோயிலை ஒட்டிய பகுதியில் குளிக்கச் சென்றவர்கள் மாண்ட செய்தி ஆண்டுதோறும் வருகிறது. நீச்சல் தெரிந்தவர்களும் அவர்களுள் அடக்கம். இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகவேண்டும்.

இறுதியாக, பயணத்திட்டத்தில் அச்சிட்ட துறைமுகம் ஒவ்வொன்றும் கட்டாயம் கிடைக்கும் என்று கொள்ளக்கூடாது. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னையில் தொடங்கிவைத்த கோர்டேலியா கப்பல் சேவையின் முதற்பயணத்தில் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. புதுச்சேரியில் அனுமதி கிடைக்காததால் பயணிகள் கடலிலிருந்தபடியே ஊரைத் தாண்டவேண்டியதாயிற்று. துறைமுகத்தை மாற்றவும் விடவும் நிறுவனத்துக்கு உரிமை தரும் பிரிவு பயணச்சீட்டின் நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும். பணம் கட்டுமுன் அதைப் படிக்கவேண்டும், கரையில் முன்பதிவு செய்யும் அறையையும் காரையும் பணத்தைத் திரும்பப்பெறக்கூடிய வகையில் பதிவதே முறை.

கடல்நோயும் அறைத் தேர்வும் அடுத்த இதழில் உறுதியாக இடம்பெறும். அதற்குள் புறப்படுவோருக்கு இரண்டு செய்திகள் மட்டும்: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பின் போட்டுப் பயன் குறைவு, கப்பல் நகர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ளவேண்டும்.