பன்னீராயிரவர்: கண்டி நாட்டுக் குடியேற்றங்களும் இன அடையாளமும்

கண்டி மாநகரைச் சூழ்ந்துள்ள நிலப்பிரிவுகளுள் ஹாரிஸ்பத்துவ என்பது ஒன்று. அப்பெயர் நானூறு என்னும் பொருள்படும் சிங்களச் சொல்லினின்று பிறந்தது என்றும், அங்கே குடியேற்றப்பெற்ற நானூற்றுவரைக் குறிப்பது என்றும் நாட்டு வழக்குக் கூறும். ஈற்றில் நிற்கும் 'பத்துவ' என்பது, மட்டக்களப்பு நாட்டில் வழங்கும் 'பற்று' என்னும் சொல்லோடு ஒலியாலும் பொருளாலும் ஒத்திருத்தல் தமிழறிந்தார்க்கு எளிதிற் புலனாகும்.

இவ்வழக்கிற்கு மூலமாய் நிற்பது கஜபாகு மன்னனின் கதை. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட அவ்வேந்தன், சோழன் சிறைகொண்டு சென்ற 12,000 ஈழத்தவரை மீட்கச் சோணாடு சென்றான் என்பர். அவர்களை மீட்டதோடு, அத்தொகைக்கு ஈடாக 12,000 சோணாட்டவரையும் சிறைப்பிடித்து வந்து, அளுத்குருவ, யட்டிநுவர, உடுநுவர, தும்பனை, ஹேவாஹெட்ட முதலிய இடங்களிற் குடியிருத்தினான் என்று இராசாவலிய என்னும் சிங்கள நூல் உரைக்கும். இவற்றுள் அளுத்குருவ மேற்குக் கரையைச் சார்ந்தது; ஏனைய நான்கும் கண்டி நாட்டின் பகுதிகள்.

கதையை அவ்வாறே கொள்வதற்கு ஒரு தடையுண்டு. காலத்தால் முந்திய மகாவமிசம், கஜபாகு எழுப்பிய விகாரைகளைக் கூறுகின்றதேயன்றி, அவன் சோணாட்டின்மேற் சென்றதாக ஒரு சொல்லும் கூறவில்லை. படையெடுப்பைக் கூறும் பூசாவலி 13-ஆம் நூற்றாண்டினது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உள்ளன. சிலப்பதிகாரத்துக் கயவாகுவோ பத்தினிக் கடவுளின் விழாவிற்கு வந்த விருந்தினனேயன்றிப் பகைவனல்லன்.

பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984-இல் பெருநூல் வெளியிட்ட பேராசிரியர் கணநாத் ஒபயசேகர இக்கதைக்குத் தக்கதொரு விளக்கம் தந்துள்ளார். இடைக்காலத்திலே தென்னிந்தியாவினின்று சிறு சிறு கூட்டத்தினராய் வந்து சிங்களச் சமுதாயத்திற் கலந்தோர்க்குத் தம் வருகையை ஒரு பேரரசன் செயலோடு இணைத்துக் காட்டும் தொடக்கக் கதை வேண்டியிருந்தது. அதனையே இக்கதை அளித்தது என்பது அவர் கருத்தின் சாரம். போனவரும் 12,000, வந்தவரும் 12,000 என்னும் சமநிலை, எண்ணிக் கணக்கிட்டார் செயலன்று. கதை சொன்னார் செயலே. விசயனோடு வந்தோர் 700 பேர், பாண்டி நாட்டினின்று வந்த தொழிற்குடிகள் ஆயிரம் என மகாவமிசம் தரும் தொகைகளும் இத்தகையனவே.

இதனாற் பழைய குடியேற்றக் கதைகள் யாவும் பொய்யென்று தள்ளுதலும் பொருந்தாது. ஆங்கிலோ-சாக்சனியர் பெருந்திரளாய்ப் பிரித்தானியாவிற் குடியேறினர் என்னும் பழைய செய்தியை அறிஞர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 2022-இல் வெளியான தொல்லெலும்பு மரபணு ஆய்வோ, கிழக்கு, தெற்கு இங்கிலாந்திற் பெருந்தொகையினர் வந்தமையைக் காட்டிற்று. ஆகவே அவ்வந் நாட்டுச் சான்றையே நாடுதல் வேண்டும்.

கண்டி நாட்டைப் பொறுத்தவரை அச்சான்று கல்லிற் கிடைக்கின்றது. கம்பளை அரசு நிலவிய 1344-ஆம் ஆண்டிலே, பேராதனைக்கு அணித்தாய் இரு பெருங்கோயில்கள் எழுந்தன. கடலாதெனிய விகாரையைச் சமைத்தவன் கணேசுவராசாரி. லங்காதிலக விகாரையைச் சமைத்தவன் தபதிராயர். இப்பெயர்களே அவர்தம் மரபைச் சொல்லிவிடும். கடலாதெனியவின் கருங்கற் பணியைக் காண்போர், திராவிடக் கட்டடக்கலை புத்தர் கோயிலாய் உருப்பெற்றிருத்தலை ஒரு நோக்கில் உணர்வர். லங்காதிலகப் பாறையிற் பொறித்த சாசனமோ சிங்களத்திலும் தமிழிலும் அமைந்துள்ளது. படிப்பார் இல்லாத மொழியில் எவரும் பாறையைச் செதுக்குவதில்லை.

இச்சிற்பியர் எத்துணைப் பேர் என்று எச்சாசனமும் கூறவில்லை. ஒரு கோயிலுக்குப் பன்னீராயிரவர் வேண்டியதுமில்லை. சிலர் வந்தனர், அவர்தம் கலை இந்நாட்டுக் கலையாயிற்று. இதற்கு முன்னரும், சோழராட்சி 1070-இல் ஒழிந்த பின்னர்ப் பொலநறுவையில் தங்கிய வேளைக்காரப் படையினர், புத்தரின் தந்ததாது வைத்த கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றமையைத் தமிழ்ச் சாசனமொன்று கூறுகின்றது. அத்தாதுவே இன்று கண்டித் தலதா மாளிகையில் உள்ளது. வந்தோர் தொகையினும், அவர்களை ஏற்றுக்கொண்ட முறையே இன அடையாளத்தை வகுத்தது என்பதற்கு இவை சான்றாகும்.

ஏற்ற முறை மாறியபோது அடையாளமும் மாறியது. மதுரைத் தொடர்புடைய நாயக்கர் மரபினர் நால்வர் 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டனர். அவருள் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்திலேதான், 1753-இல், சீயத்துப் பிக்குகளால் இலங்கையில் உபசம்பதா மீண்டும் நிறுவப்பெற்றது. பௌத்தத்தை அவ்வாறு போற்றிய அக்குலத்தையே 1815-ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம் 'மலபார்' என்று பெயரிட்டு, அரசுரிமையினின்று விலக்கியது. குலம் மாறவில்லை, அதனை நோக்கிய கண்களே மாறின.

1820-களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய பின்னர், தமிழ்நாட்டு மாவட்டங்களினின்று மக்கள் மன்னார் வழியாக மாத்தளை நோக்கி நடந்து வந்தனர். இலங்கை கண்ட குடியேற்றங்களுள் உண்மையிலே பேரளவினதாய், தொகை எழுதப்பெற்றதாய் உள்ளது இதுவே. முன்னையோர்க்குக் கிடைத்த நிலமும் ஊர்ப் பணியும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்து லயங்களே கிடைத்தன. 1911-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனித் தலைப்பின் கீழ் வைத்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களை 9,75,000 எனக் கணித்து, 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவுசெய்ய விட்டது. அவ்வாண்டு அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாய் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இலேதான் நிறைவேறியது.