இடுப்பு வலியும் சிலம்பக் கம்பும்

நமது ஆடி மாதத்தைத்தான் மலையாளிகள் கர்க்கடகம் என்கிறார்கள். கர்க்கடகம் பிறந்துவிட்டால் பாலக்காட்டுப் பக்கம் வைத்தியசாலைகளின் வாசலில் எண்ணெய் மணக்கத் தொடங்கிவிடும். மழை கொட்டி, பூமி குளிர்ந்து கிடக்கும் அந்த நாட்களில் எண்ணெய் தேய்த்து உழிச்சில் செய்துகொண்டால் ஆண்டு முழுவதும் உடம்பு சொன்னபடி கேட்கும் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை.

அந்த வாசலில் காத்திருப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. கொழிஞ்சாம்பாறையில் வயல் வேலை செய்பவர், வாளையாறில் லாரியிலிருந்து மூட்டை இறக்குபவர், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் குமாஸ்தா என்று பலரும் வருகிறார்கள். இடுக்கி மலைப்பக்கம் போனால் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு தோட்டங்களில் பாட்டன் காலம் தொட்டு வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள். இவர்களில் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சிலம்பம், சிலருக்குக் களரி, பிள்ளைகளுக்குக் கராத்தே. இடுப்பு பிடித்துக்கொண்டதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “பயிற்சியை விட்டுவிடட்டுமா?”

பெரும்பாலோர் விட வேண்டியதில்லை. ஆனால் பழகும் முறையை மாற்றியாக வேண்டும்.

புரூஸ் லீக்கு வந்த சோதனை

‘எண்டர் தி டிராகன்’ படத்தில் புரூஸ் லீ காலை வீசுவதைப் பார்த்து வாய் பிளந்தவர்களுக்கு, அந்த மனிதர் இடுப்பு வலிக்காரர் என்பது தெரிந்திருக்காது. 1970-ம் ஆண்டு ஒரு நாள், உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ளாமல், 125 பவுண்டு எடையுள்ள இரும்புக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்து நிமிரும் பயிற்சியைச் செய்தார். ஏறக்குறைய தன் உடம்பின் எடைதான் அது. கீழ் முதுகில் நரம்பு பாதிக்கப்பட்டது. இனிக் காலை வீசி உதைக்க முடியாது என்று டாக்டர்கள் கூறிவிட்டனர். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, படித்தும் எழுதியும் பொழுதைக் கழித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து பழகினார். 1971-ல் ‘தி பிக் பாஸ்’ படம் வெளிவந்தது. 1973-ல் தமது 32-ம் வயதில் மறையும் வரை, முதுகு அவரை அவ்வப்போது தொல்லைப்படுத்திக்கொண்டேதான் இருந்தது.

125 பவுண்டு என்பது சுமார் 57 கிலோ. நமது மூட்டைத் தொழிலாளி நாள் முழுவதும் தூக்குவதும் கிட்டத்தட்ட இதே எடைதான். ஆண் தொழிலாளி ஒருவர் கையால் தூக்கிச் செல்லும் சுமை 55 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967-லேயே பரிந்துரை செய்தது. தேயிலைச் சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்புக்கு எந்தக் கணக்கும் எழுதப்படவில்லை. குமாஸ்தா எடையே தூக்குவதில்லை என்பீர்கள். எட்டு மணி நேரம் மேஜை மீது கவிழ்ந்து உட்கார்ந்திருப்பதும் ஒரு சுமைதான்; இதை எழுதுகிறவனின் இடுப்பு அதற்குச் சாட்சி.

இப்படிக் களைத்த முதுகோடு, வேலை விட்ட கையோடு கம்பை எடுத்துச் சுற்றுகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

களரியின் கணக்கு

களரிக்காரர்கள் இந்த விஷயத்தில் பொறுமைசாலிகள். 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாகத் தரையைத் தோண்டிய மண் தளம்; அதில் இறங்கியதும் யாரும் வாளைக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் மெய்த்தாரி, அதாவது உடம்புப் பயிற்சி. அது படிந்த பிறகுதான் கோல்த்தாரி என்னும் கம்பு வகைகள். அதற்கும் பிறகே அங்கத்தாரி, வாளும் கேடயமும். மழைக்காலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிப் பழகி, உழிச்சிலும் செய்துகொள்வார்கள். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குருக்கள் காலாலேயே நீவிவிடும் ‘சவிட்டி உழிச்சில்’ கதகளி நடிகர்களுக்கும் உண்டு.

வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா 7 வயதில் களரியில் இறங்கியவர். 2017-ல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். அப்போதும் வாள் அவர் கையில்தான் இருந்தது. உடம்பைப் படிப்படியாகப் பழக்கினால் அது நெடுங்காலம் உழைக்கும்.

உழிச்சிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இறுகிய தசையைத் தளர்த்தும், வலியைக் குறைக்கும். விலகிய ஜவ்வை உள்ளே தள்ளி வைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கால் மரத்துப்போனவரையும் எலும்பு தேய்ந்த முதியவரையும் டாக்டர் பார்க்காமல் மிதிக்கவோ சொடுக்கவோ விடக்கூடாது.

இன்றைய மருத்துவம் சொல்வது

2020-ல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு என்ன செய்யலாம் என்று 2023 டிசம்பரில் அந்நிறுவனம் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. தேகப் பயிற்சி வேண்டும் என்கிறது, மசாஜையும் ஏற்றுக்கொள்கிறது. மருந்துக் கடையில் வாங்கி நாம் ஆசையாகக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பெல்ட்டை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. எடை தொங்கவிட்டு இழுக்கும் ‘டிராக்‌ஷ’னும் வேண்டாமாம். நாள்பட்ட படுக்கை ஓய்வையும் டாக்டர்கள் இப்போது விரும்புவதில்லை. தசை வலுவிழப்பதுதான் அதில் கண்ட பலன்.

ஆகவே சிலம்பக்காரர் செய்யத் தக்கது இது. விடிந்து எழுந்ததும் களத்தில் இறங்க வேண்டாம். இரவில் முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழக் குனிவது கெடுதல். பத்து நிமிடம் நடந்து, கை கால்களை வீசிச் சூடேற்றிய பிறகு கம்பைத் தொடுங்கள். திரும்பும்போது பாதமும் இடுப்பும் சேர்ந்து திரும்பட்டும். பாதத்தை ஊன்றி முதுகை மட்டும் முறுக்கக்கூடாது. குனிந்தபடியே முறுக்குவது அதைவிட மோசம். கால் வீச்சு சில வாரங்கள் இடுப்பு உயரத்தோடு நிற்கட்டும். குதித்து உட்காரும் அடவுகளை ஆசானிடம் சொல்லித் தள்ளி வையுங்கள். சொல்ல வெட்கப்படுகிறவர்களே அதிகம் அடிபடுகிறார்கள். மூட்டை தூக்கிய நாளில் அடி வரிசை மட்டும் போதும்.

பயிற்சிக்குப் பின் லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயமில்லை. மறுநாளும் கூடுதலாக வலித்தால் பாதியாகக் குறையுங்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலோ ஒரு நாள் கூடத் தாமதிக்கக்கூடாது. காய்ச்சலோடு முதுகு வலித்தாலும், காரணமின்றி உடம்பு மெலிந்தாலும் உடனே காட்ட வேண்டும். எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கு அக்கரையும் பக்கம்தான்: வாளையாறிலிருந்து கோவை அரசு மருத்துவமனை, குமுளியிலிருந்து தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

கடைசியாகச் சம்பள விஷயம். இ.எஸ்.ஐ.யில் சந்தா கட்டி வருபவர்களுக்கு, டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் நோய்க்காலப் படியாகக் கிடைக்கும். தோட்டத் தொழிலாளர்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காட்டி, இலகுவான வேலை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். கர்க்கடகத்தில் உழிச்சிலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். எத்தனை நாள் சிகிச்சையோ அத்தனை நாள் ‘நல்லிருக்கை’ என்ற ஓய்வு இருக்க வேண்டும் என்பது கேரள வைத்தியர்களின் பழைய முறை. ஏழு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எட்டாம் நாள் மூட்டை தூக்கப் போவதானால் அந்தப் பணம் வீண். லீவு எழுதும்போதே பதினான்கு நாளாக எழுதுங்கள்.