நெசவாளர் வீடும் அருங்காட்சியகமும்

அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழம்பொருள்களே நம் நினைவுக்கு வருகின்றன. காண்போர் கண்டு செல்வர். அப்பொருளைச் செய்த தொழிலாளிக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. இக்குறை நீங்கும் வண்ணம் அமைந்த நிலையம் ஒன்று நம் மாநிலத்திலேயே உள்ளது. பொள்ளாச்சி, நெகமம் வட்டாரத்து அங்கத்தினர்கள் அதனை அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவே அது. 1984-ல் தோன்றிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பு, டெபோரா தியாகராஜன் அம்மையாரின் முயற்சியால் இதனை உருவாக்கி, 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது. சுமார் 10 ஏக்கர் பரப்புள்ள இவ்விடத்துக்குக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவம் தந்தார்.

இங்குள்ள சிறப்பு, வீடுகளே காட்சிப் பொருள்களாக இருப்பதாகும். தென்னாட்டின் பல பகுதிகளில் இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் கதவும் உத்திரமுமாகப் பிரித்துக் கொணர்ந்து, மரபறிந்த தச்சரையும் கொத்தரையும் கொண்டு மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வணிகர் வீட்டுக்கு அளித்த மதிப்பையே தஞ்சை உழவர் வீட்டுக்கும், குயவர் வீட்டுக்கும், காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டுக்கும், கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டுக்கும் அளித்துள்ளனர்.

நெசவாளர் வீட்டைக் காக்க வேண்டுவது ஏன்? வீடும் தறியும் ஒன்றையொன்று சார்ந்தவை. குழித்தறிக்கு மண் தரை வேண்டும். மிதியை இயக்கும் கால்கள் குழிக்குள் இறங்க வேண்டும். மண்ணின் ஈரம் பாவு நூல் அறாமல் காக்கும். பாவு ஓட்ட நீண்ட திண்ணையோ தெருவோ வேண்டும். தளக்கல் பதித்த புது வீடு எழும்பும்போது குழி மூடப்படுகிறது, தறியும் வெளியேறுகிறது. தறியை மட்டும் எடுத்து வைத்தால் பாதி வரலாறே எஞ்சும்.

இந்நிலையம் வீடுகளை வெறுமையாக விட்டுவிடவில்லை. கைவினைஞர்கள் அங்கேயே தொழில் செய்து காட்டி, தம் பொருளைத் தாமே விற்கின்றனர். பள்ளிப் பிள்ளைகள் மண் பிசைந்தும் கூடை முடைந்தும் பழகுகின்றனர். ஓவியக் கண்காட்சிகளுக்குத் தனிக் கூடமும் உண்டு. தொழிலாளிக்கு வருவாய், பிள்ளைகளுக்கு அறிவு என இரு பயனும் ஒருங்கே விளைகின்றன.

இனி நம் நிலையை நோக்குவோம். நெகமம் பருத்திச் சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு பெயரைக் காக்கும்; தறியில் அமரும் இளைஞரை அது தேடித் தராது. மூத்த நெசவாளர் விரல்களில் உள்ள வேலைப்பாடு அவரோடு மறையுமாயின், பெயர் மட்டும் இருந்து பயனென்ன?

பத்து ஏக்கர் நமக்கு வேண்டியதில்லை. பழைய ஓட்டு வீடு ஒன்று, இயங்கும் குழித்தறி ஒன்று, உரிய கூலியுடன் ஒரு மூத்த நெசவாளர் இருந்தாலே தொடங்கலாம். வேளாண் அங்கத்தினர் தம் தோட்டத்துச் சாளையில் பயனின்றிக் கிடக்கும் ஏர், கவலைச் சால், குதிர் முதலியவற்றை அளிக்கலாம். பழைய கரை மாதிரிகளைப் பெயரும் ஆண்டும் குறித்துத் தொகுக்கலாம். வாரம் ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துத் தார் சுற்றப் பழக்கலாம்; விற்பனைக்கும் ஓரிடம் ஒதுக்கலாம்.

செலவைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நட்டத்தில் நடக்கும் சங்கம் இதில் இறங்குதல் தகாது. லாபம் ஈட்டும் சங்கங்கள், துணைவிதி இடந்தரும் அளவில், இரண்டு மூன்றாகச் சேர்ந்து பொறுப்பேற்கலாம். கணக்கைத் தனியே எழுதி ஆண்டுப் பேரவையில் வைப்பது இன்றியமையாதது.

இடிக்கப்பட்ட வீட்டை மீண்டும் கட்ட மிகுந்த பொருள் வேண்டும். நிற்கும் வீட்டைக் காக்க ஒரு தீர்மானம் போதும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஆலோசிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.