ஒயரின் இடம் சுவர்

கொல்லங்கோடு பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டில் பாலக்காடு ஒரு பெயர் பெற்றது. வீடுகள் முழுவதற்கும் மின்சாரம் கிடைத்த நாட்டின் முதல் மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. 2017 மே மாதம் கேரள மாநிலம் முழுவதும் அந்த நிலையை அடைந்தது.

மின்சாரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கூடவே ஒயரும் வந்தது. ஃபேனுக்கு ஓர் ஒயர். டிவிக்கு ஓர் ஒயர். மிக்சிக்கு, கிரைண்டருக்கு, செல்போனுக்கு என்று ஒயர்கள் பெருகிவிட்டன.

பழைய ஓட்டு வீடுகளில் ஓர் அறைக்கு ஒரு பிளக் போர்டுதான் இருக்கும். டிவி எதிர்ச் சுவரில் இருக்கும். அதனால் நீள ஒயர் தரையில் குறுக்கே ஓடும். பார்க்க நன்றாக இல்லை என்று அதன் மேல் பாயை விரிப்பார்கள். ஒயர் மறைந்துவிடும். ஆனால் ஆபத்து மறையாது.

பாய்க்கு அடியில் என்ன நடக்கும்?

மின்சாரம் ஓடும்போது ஒயர் சூடாகும். திறந்த இடத்தில் அந்தச் சூடு காற்றில் போய்விடும். பாய்க்கு அடியில் சூடு வெளியே போக வழி இல்லை. மேலே ஆட்கள் நடப்பார்கள். கட்டில் காலும் அதை அழுத்தும். ஒயரின் மேல் தோல் தேயும், வெடிக்கும். யாருக்கும் தெரியாது. ஒருநாள் தரை துடைக்கும் ஈரத் துணி அதன் மேல் படும். அல்லது பாயில் தீப்பிடிக்கும்.

எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் எல்.இ.டி. பல்பு 9 வாட். ஒரு தேய்ப்புப் பெட்டி 1000 வாட். அதாவது ஒரு தேய்ப்புப் பெட்டி நூறு பல்புகளுக்கும் மேலான மின்சாரத்தை இழுக்கிறது. மெல்லிய ஒயர் பல்புக்குப் போதும். தேய்ப்புப் பெட்டிக்குத் தாங்காது.

மீதி ஒயரை இறுக்கமாகச் சுருட்டி வைப்பதும் தவறு. சுருளின் நடுவில் சூடு தங்கும். தேய்ப்புப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றுக்கு நீட்டிப்பு ஒயரே வேண்டாம். அவற்றைச் சுவரில் உள்ள பெரிய பிளக்கில் நேராகச் செருக வேண்டும்.

சரியான வழி எது?

வீட்டில் இரண்டு வகை ஒயர்கள் உள்ளன.

முதல் வகை, 230 வோல்ட் மின்சாரம் ஓடும் ஒயர். இதில் நாமே கை வைக்கக் கூடாது. டிவி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் என்றால், அதன் அருகிலேயே புதிய பிளக் வைப்பதே நல்லது. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை அழைக்க வேண்டும். அவர் சுவரில் பிளாஸ்டிக் கேசிங் பட்டை அடிப்பார். ஒயர் அதற்குள் ஓடும். மேலே மூடி இருக்கும். பார்க்கவும் அழகு. பழுது வந்தால் மூடியைத் திறந்து பார்க்கலாம்.

எத்தனை மீட்டர் வேண்டும்? கணக்குப் போடுவோம். தரையில் குறுக்கே போனால் 3 மீட்டர். சுவர் வழியாகப் போனால் மேலே ஒன்றரை மீட்டர். கதவுக்கு மேலே குறுக்கே 3 மீட்டர். மறுபடி கீழே ஒன்றரை மீட்டர். ஆக 6 மீட்டர். கூடுதல் 3 மீட்டருக்குக் கொஞ்சம் செலவாகும். ஆனால் குழந்தையின் கால் தடுக்காது. கிழவியின் ஊன்றுகோலும் சிக்காது.

இரண்டாம் வகை, டிவி கேபிளும் இன்டர்நெட் ஒயரும். இவற்றைச் சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் கிளிப் அடித்து நாமே பொருத்தலாம். ஆணி ஒயருக்குள் இறங்கக் கூடாது. அடிக்கும் முன் அந்தச் சுவருக்குள் மின்சார ஒயர் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபைபர் இன்டர்நெட் ஒயருக்குள் கண்ணாடி இழை இருக்கிறது. மூலையில் அதை மடக்கினால் உடையும். வளைவாகத் திருப்ப வேண்டும். இந்த ஒயர்களை மின்சார ஒயர் போகும் பட்டைக்குள் சேர்க்கக் கூடாது.

மறக்கக் கூடாத இடங்கள்

நெல் மூட்டைக்குப் பின்னால் ஒயர் போகக் கூடாது. அங்கே எலி வரும், கடிக்கும்.

துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் ஒயரைத் தொங்கவிடக் கூடாது. தோல் தேய்ந்தால் கம்பி முழுவதும் மின்சாரம் பாயும். ஈரத் துணியோடு வருபவர் அதைத் தொடுவார்.

இடவப்பாதி மழையில் ஓடு ஒழுகும், சுவர் ஊறும். அந்தச் சுவரில் பிளக் வேண்டாம்.

ஒயரின் நடுவே டேப் சுற்றிய ஒட்டு இருக்கக் கூடாது. ஒட்டை மறைத்து வைப்பது அதைவிட மோசம்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. என்ற கருவி இருக்கட்டும். பழைய ஆட்கள் இதை இ.எல்.சி.பி. என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டிக்கும். அது ஆளைக் காக்கும். ஆனால் ஒயர் சூடாவதைத் தடுக்காது. அதைத் தடுக்க எம்.சி.பி. வேண்டும். இரண்டும் இருந்தால்தான் காவல் முழுமையாகும்.

ஷாக் அடித்தால்

ஷாக் அடித்தவரைக் கையால் தொடக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். முடியாவிட்டால், காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ள வேண்டும். 108 எண்ணுக்குப் போன் செய்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வெளியே மின்கம்பி அறுந்து கிடந்தால் அருகே போகக் கூடாது. கே.எஸ்.இ.பி.க்கு 1912 எண்ணில் சொல்ல வேண்டும்.

நினைவில் வையுங்கள்

ஒயரை மறைக்கலாம். ஆனால் அமுக்கக் கூடாது.
கேசிங் பட்டைக்குள் மறைக்கலாம். பாய்க்கு அடியில் மறைக்கக் கூடாது.
நீட்டிப்பு ஒயர் ஒருநாள் விருந்தாளி. வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் தரையில் ஓடும் ஒயர்கள் எத்தனை? எண்ணி எழுதுங்கள்.
2. எந்த ஒயரில் ஒட்டு இருக்கிறது? தொடாமல் பார்த்து எழுதுங்கள்.
3. சுவர் வழியாகக் கொண்டுபோக எத்தனை மீட்டர் வேண்டும்? அளந்து கூட்டுங்கள்.
4. 108, 1912 ஆகிய இரண்டு எண்களையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.