வேகம் எவ்வளவு? வாட் எவ்வளவு?

கணிப்பொறித் திரையில் ஒரு கார் பந்தயம் ஓடுகிறது. கார் வளைவில் திரும்புகிறது. அதன் நிழலும் கூடவே திரும்புகிறது. சாலையோர மரங்கள் பின்னால் விரைகின்றன. இந்தக் காட்சியை வரைந்து தருவது எது என்று எப்போதாவது யோசித்தது உண்டா?

திரையில் குறுக்காக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் இருப்பதாகக் கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்கிட வேண்டும். அசைவு சீராகத் தெரிய வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரே வினாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்டியாக வேண்டும்!

இந்த வேலைக்கென்றே கணிப்பொறிக்குள் பொருத்தப்படும் தனிப் பலகைதான் கிராபிக்ஸ் கார்டு. 500 கூட்டல் கணக்குகளைக் கணித ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தால் ஒவ்வொன்றாகத்தான் போடுவார். 500 மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தால்? ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு இந்த இரண்டாவது வழியைப் பின்பற்றுகிறது. அதன் சில்லில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கணக்கிடும் உறுப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

இரண்டு கார்டுகளில் எது சிறந்தது என்று எப்படிச் சொல்வது? ‘வேகமானதுதான்’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஓர் உண்மையான ஜோடியை எடுத்து ஆராய்வோம்.

இரு கார்டுகள்

என்விடியா என்ற அமெரிக்க நிறுவனம் 2010 நவம்பரில் ஜீஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 580 என்ற கார்டையும், 2012 மார்ச்சில் ஜி.டி.எக்ஸ். 680 என்ற கார்டையும் வெளியிட்டது. அவற்றின் விவரங்கள் இவை:

ஜி.டி.எக்ஸ். 580: கணக்கிடும் உறுப்புகள் 512, அவற்றின் துடிப்பு வினாடிக்கு 154.4 கோடி (1544 மெகாஹெர்ட்ஸ்). மின்திறன் 244 வாட்.

ஜி.டி.எக்ஸ். 680: கணக்கிடும் உறுப்புகள் 1536, துடிப்பு வினாடிக்கு 100.6 கோடி (1006 மெகாஹெர்ட்ஸ்). மின்திறன் 195 வாட்.

ஒவ்வோர் உறுப்பும் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் என இரண்டு கணக்குகளைச் செய்யும். ஆகவே 512 × 2 × 154.4 கோடி என்று பெருக்கினால், 580 வினாடிக்கு ஏறத்தாழ 1.58 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யும் என்று தெரிகிறது. அதே முறையில் 680க்குக் கிடைப்பது 3.09 லட்சம் கோடி.

இனி மின்திறனால் வகுப்போம். 580 ஒரு வாட்டுக்கு வினாடிக்குச் சுமார் 648 கோடி கணக்குகளைச் செய்கிறது. 680 சுமார் 1,585 கோடி. பதினாறே மாதங்களில் ஒரு வாட்டின் பயன் இரண்டரை மடங்கு நெருங்கிவிட்டது. உறுப்புகள் மூன்று மடங்கானபோதும் மின்செலவு குறைந்தது எப்படி?

தொட்டியில் ஒரு விடை

சில்லில் உள்ள டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னூட்டத்தை நிரப்பியும் காலி செய்தும் வேலை செய்கின்றன. ஒரு தண்ணீர்த் தொட்டியை அடியிலிருந்து நிரப்புவதாக எண்ணுங்கள். நீர்மட்டம் இருமடங்கு உயர வேண்டுமானால், தண்ணீரும் இருமடங்கு வேண்டும். அதை ஏற்றும் உயரமும் இருமடங்கு. ஆக, உழைப்பு நான்கு மடங்கு. இங்கே நீர்மட்டத்தின் இடத்தில் இருப்பது மின்னழுத்தம். எனவே துடிப்புக்குச் செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வினாடிக்கு எத்தனை முறை நிரப்பிக் காலி செய்கிறோம் என்பதையும், அதாவது அதிர்வெண்ணையும், பொறுத்தது.

அதிர்வெண்ணை உயர்த்த வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் மின்திறன் 0.8 × 0.8 × 0.8 = 0.512 ஆகிறது, ஏறக்குறைய பாதி! வேகம் குறைந்ததோ ஐந்தில் ஒரு பங்குதான். இப்படி மெதுவாக்கிய உறுப்புகள் இரண்டை அருகருகே வைத்தால், பழைய ஓர் உறுப்பின் மின்செலவிலேயே 1.6 மடங்கு வேலை நடக்கும். சிலரை வேகமாக ஓடவிடுவதைவிடப் பலரை நிதானமாக நடக்கவிடுவது சிக்கனம்.

ஆனால், பலரை நிறுத்த இடம் வேண்டுமே? அதற்கு நுண்ணிய தயாரிப்பு முறை கைகொடுத்தது. 580இன் சில்லு 40 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. அதன் 520 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 300 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 680இன் சில்லு 28 நானோமீட்டர் முறையில் வந்தது. வெறும் 294 சதுர மில்லிமீட்டரில் 354 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கின. சிறிய டிரான்சிஸ்டர் என்பது சிறிய தொட்டி; நிரப்ப ஆகும் செலவும் குறைவு.

வேகம் இருமடங்கானதா?

கணக்கின்படி 680இன் வேகம் ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்தபோது, பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே வேகம் கூடியது. ஏன்?

சமையற்கட்டில் சமையல்காரர்களை இரட்டிப்பாக்கிவிட்டு, காய்கறி கொண்டு வரும் ஆளை மட்டும் அப்படியே விட்டால் என்ன ஆகும்? சமையல்காரர்கள் கைகட்டிக் காத்திருப்பார்கள். கார்டிலும் எண்கள் நினைவகத்திலிருந்து வந்து சேர வேண்டும். இரு கார்டுகளிலுமே நினைவகப் பாதை வினாடிக்குச் சுமார் 192 ஜிகாபைட்தான்! காகிதத்தில் உள்ள உச்ச வேகம் வேறு. வேலையில் கிடைக்கும் வேகம் வேறு.

இன்னொரு வியப்பும் உண்டு. விஞ்ஞானக் கணக்குகள் சிலவற்றுக்கு அதிகத் தசம இடங்கள் வரை துல்லியம் வேண்டும். அத்தகைய கணக்குகளை 580 தன் சாதாரண வேகத்தில் எட்டில் ஒரு பங்கில் செய்யும். 680 இருபத்து நான்கில் ஒரு பங்கில்தான் செய்யும். வகுத்துப் பாருங்கள்: பழைய கார்டுக்கு ஏறத்தாழ 19,800 கோடி, புதிய கார்டுக்கு 12,900 கோடி. இங்கே பழையதே வெல்கிறது! ‘எது சிறந்தது?’ என்று கேட்குமுன் ‘எந்த வேலைக்கு?’ என்று கேட்க வேண்டும்.

வாட் வேறு, யூனிட் வேறு

244 வாட், 195 வாட் என்பவை கார்டு முழுமூச்சில் உழைக்கும்போது விசிறிகள் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு. உள்ளே போகும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. இரண்டரை 100 வாட் குண்டு பல்புகள் ஒரு பெட்டிக்குள் எரிவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கட்டுரை தட்டச்சு செய்யும்போது இவ்வளவு ஆகாது.

வீட்டு மின்கட்டணம் வாட்டுக்கு அல்ல, யூனிட்டுக்கு. வாட்டை மணியால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். இரு கார்டுகளுக்கும் வித்தியாசம் 49 வாட். நாள்தோறும் 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், ஓர் ஆண்டில் வித்தியாசம் ஏறத்தாழ 71.5 யூனிட்.

முடிவுள்ள ஒரு வேலையானால் லாபம் இன்னும் கூடும். ஒரு வேலையை 580 நாற்பது நிமிடத்திலும் 680 முப்பது நிமிடத்திலும் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். செலவு முறையே 163 வாட்-மணி, 97.5 வாட்-மணி. வாட் குறைந்தது, நேரமும் குறைந்தது, இரண்டும் சேர்ந்து பலன் தந்தன.

ஏன் இந்தக் கவலை?

ஒரு வீட்டில் 71 யூனிட் சிறிதாகத் தோன்றலாம். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஜாகுவார் என்ற மாபெரும் கணிப்பொறி சுமார் 7 மெகாவாட் மின்திறனில் ஓடியது. 2012இல் அதை டைட்டன் என்ற பெயரில் மாற்றியமைத்தபோது, 680இன் குடும்பத்தைச் சேர்ந்த 18,688 சில்லுகளைச் சேர்த்தார்கள். வேகம் சுமார் பத்து மடங்காயிற்று; மின்திறன் சுமார் 8.2 மெகாவாட்தான். பழைய முறையிலேயே பத்து மடங்கு வேகத்தை எட்டியிருந்தால் 70 மெகாவாட் தேவைப்பட்டிருக்கும்!

ஆயினும் சிக்கனம் கூடியதால் மொத்தச் செலவு குறைந்துவிடவில்லை. ஒரு வாட்டில் அதிக வேலை நடக்க நடக்க, நாம் இன்னும் அதிக வேலையைக் கேட்கிறோம். 2022இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டின் மின்திறன் 450 வாட். 2025இல் வந்த 5090க்கு 575 வாட். ஒரு வாட்டுக்கு இவை செய்யும் வேலை மிக அதிகம். ஆனால் இவை கேட்கும் வாட்டும் அதிகம்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். வீட்டிலுள்ள மின்விசிறி, விளக்கு, மிக்ஸி ஆகியவற்றில் ஒட்டியுள்ள வாட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் எழுதுங்கள். யூனிட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதிக வாட் கருவிதான் அதிக யூனிட் செலவழிக்கிறதா? விடை உங்கள் குறிப்பேட்டில் இருக்கும்!